அருஞ்சொல் ஆங்கிலமும் நம் அறச்சொற்களும்

நம் சமூகத்துப் பிள்ளைகளுள் பெரும்பாலோர் இன்று ஆங்கில வழியில் கற்கின்றனர். வங்கித் தேர்வு, மேற்படிப்பிற்கான நுழைவுத் தேர்வு, அயல்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் கேட்கும் தேர்வு என ஒவ்வொன்றிற்கும் அருஞ்சொற் பட்டியல் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு உருப்போடுகின்றனர். இடப்பக்கம் ஓர் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் ஒரு தமிழ்ச் சொல், நாளொன்றுக்கு ஐம்பது. இவ்வாறு கற்ற சொற்கள் தேர்வு முடியும் வரையில் நிற்கின்றன. பின்னர்ப் பெரும்பகுதி மறந்துபோகிறது. மறந்துபோனவற்றைப் பற்றி நமக்குக் கவலையில்லை, அவற்றை மீண்டும் கற்றுக்கொள்ளலாம். அரைகுறைப் பொருளோடு மனத்தில் தங்கிவிட்டவற்றைப் பற்றியே இங்கு எழுத முற்பட்டோம்.

இதற்குச் சமய இதழில் என்ன இடம் என வாசக அன்பர்கள் வினவலாம். நம் பிள்ளைகள் தங்கள் சமயத்தையே இப்போது ஆங்கிலத்தின் வாயிலாகத்தான் படிக்கின்றனர். ஸ்ரீபுராணத்தின் மணிப்பிரவாள நடை அவர்களுக்கு எட்டுவதில்லை. மேருமந்தர புராணமும் நீலகேசியும் உரையின் துணையின்றி விளங்குவதில்லை. ஆங்கில மொழிபெயர்ப்புகளோ எளிதிற் கிடைக்கின்றன. ஜெர்மானிய அறிஞர் ஹெர்மன் யாக்கோபி, ஆசாராங்கம், கல்ப சூத்திரம் முதலிய சுவேதாம்பர நூல்களை 1884-லும் 1895-லும் ஆங்கிலத்தில் வெளியிட்டார். 1920-ல் ஆரா நகரிலிருந்து ஜே. எல். ஜைனியின் தத்வார்த்த சூத்திர மொழிபெயர்ப்பும், நம்மவரான பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினாரின் பஞ்சாஸ்திகாய மொழிபெயர்ப்பும் வெளிவந்தன. 1994-ல் நத்மல் டாட்டியா தத்வார்த்த சூத்திரத்தை மீண்டும் ஆங்கிலமாக்கினார். இந்நூல்களில் வரும் சொற்கள் தேர்வுப் பட்டியலில் வரும் சொற்களே. எழுத்தும் ஒலியும் ஒன்றே. ஆனால் பொருள் பல இடங்களில் வேறு. பட்டியலை நம்பிப் படிப்பவன் அறநூலைத் தவறாகப் படிப்பான். வெளியூர் விடுதியிலும் பணியிடத்திலும் 'உங்கள் சமயம் என்ன சொல்கிறது?' என்று பிறர் கேட்கும்போது தவறாகவே எடுத்துரைப்பான்.

ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் என்று கற்பது நம் முன்னோர் முறையுமன்று. சமணரான மண்டலபுருடர் இயற்றிய சூடாமணி நிகண்டை எடுத்துக்கொள்வோம். பன்னிரண்டு தொகுதிகளுள் முதற்பத்தும் தேவர், மக்கள், விலங்கு, மரம், இடம் என்றாற்போல் பொருள்வகையில் அமைந்து, ஒரு பொருளுக்குரிய பல பெயர்களைக் கூறுகின்றன. பதினொன்றாம் தொகுதி அதற்கு நேர்மாறானது. ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களை எதுகை முறையில் அடுக்கித் தருகிறது. பன்னிரண்டாவது, தொகைப் பெயர்களைக் கூறுவது. திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் 19-ஆம் நூற்றாண்டிலும் இதனை மனப்பாடம் செய்தனர். அவர்களும் உருப்போட்டவர்களே, ஆயினும் அவர்கள் உருப்போட்ட நூல், ஒரு சொல் பல பொருள் தரும் என்பதையும் ஒரு பொருளைப் பல சொற்கள் வெவ்வேறு வகையில் தொடும் என்பதையும் சேர்த்தே கற்பித்தது. அந்தப் பதினொன்றாம் தொகுதியின் கண்கொண்டு சில ஆங்கிலச் சொற்களைப் பார்ப்போம்.

முதலாவது 'பேஷன்'. உடை நாகரிகத்தைக் குறிக்கும் 'ஃபேஷன்' வேறு. இது பகர ஒலியில் தொடங்குவது. 'கிரிக்கெட் எனக்குப் பேஷன்' என்று பிள்ளைகள் கூறுவர். வேலைக்கான நேர்காணலில் 'உன் பேஷன் யாது?' என்று கேட்பர். அப்பெயரில் ஒரு மோட்டார் சைக்கிளும் வந்துவிட்டது. ஆகவே, அது பாராட்டத்தக்க பேரார்வம் என்றே அவர்கள் மனத்தில் பதிந்துள்ளது. அதே மாணவன் தத்வார்த்த சூத்திரத்தின் ஆங்கில நூலைத் திறந்தால், 'பேஷன்கள் நான்கு. அவை உயிரைக் கட்டுகின்றன. அவற்றை ஒழிக்க வேண்டும்' என்று காண்கிறான். ஆர்வத்தையே ஒழிக்கச் சொல்லும் சமயமா நம்முடையது என்று மயங்குகிறான். அங்கே அச்சொல் வெகுளி, செருக்கு, மாயை, உலோபம் என்னும் நான்கு கஷாயங்களைக் குறிக்கிறது என்பதை அவனுக்கு எடுத்துரைப்பார் இல்லை.

இதன் வேர் இலத்தீன் மொழியில் உள்ளது; துன்புறுதல், ஒன்றுக்கு ஆட்படுதல் என்பது அதன் பொருள். கிறித்தவர்கள் இயேசுவின் துன்பங்களை ஆங்கிலத்தில் இச்சொல்லால் குறிக்கின்றனர். தமிழில் அவர்கள் 'பாடுகள்' என்பர். இலக்கணத்தில் வரும் 'பேஸிவ்' என்னும் சொல்லும் இவ்வேரினது. அதை நாம் 'செயப்பாட்டு வினை' என்கிறோம். இரண்டிலும் 'பாடு' இருப்பதை மாணவர்கள் நோக்குக. அது 'படு' என்னும் வினையிலிருந்து வந்தது. நாம் உணர்ச்சிகளைக் கூறும் முறையை எண்ணிப் பாருங்கள். கோபப்படுகிறான், ஆசைப்படுகிறான், பொறாமைப்படுகிறான், பெருமைப்படுகிறான். கோபத்தை அவன் செய்வதாகத் தமிழ் கூறவில்லை. அவன் கோபத்திற்கு ஆட்படுவதாகவே கூறுகிறது. ஆங்கிலச் சொல்லின் பழம்பொருளும் இதுவே. உயிரின் இயல்பு அறிதலும் காண்டலும் ஆக, வெகுளி முதலியவை அதன் இயல்பல்ல, அதற்கு நேரும் மாசு என்பது ஜினாகமம். இதனை உணர்ந்த மொழிபெயர்ப்பாளர் 'பேஷன்' என்று எழுதியது பொருத்தமே. இந்நாளைய வழக்கு மாறிப்போனதுதான் இடர்ப்பாடு.

வேரைப் பற்றிக்கொண்டால் உறவுச் சொற்கள் தாமே வரும். 'கம்பேஷன்' என்பது உடன் துன்புறுதல், அஃதாவது கருணை. 'பேஷண்ட்' என்பது நோயைத் தாங்குபவன். அச்சொல்லே பொறுமையுடைய என்றும் பொருள்படும். 'பேஷன்ஸ்' என்பது பொறுமை. பத்து வகை அறங்களுள் முதலாவதான உத்தம க்ஷமையைச் சிலர் இச்சொல்லாலும் விளக்குவர். கஷாயமும் அதனை வெல்லும் பொறையும் ஆங்கிலத்தில் ஒரே வேரில் முளைத்திருக்கின்றன. ஒரு வேரைக் கற்றால் ஐந்து சொற்கள் நிலைக்கும். ஐந்தும் ஒன்றையொன்று தாங்கி நிற்பதால் மறவா.

'கஷாயம்' என்னும் நம் சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. பிள்ளைகளுக்குக் கஷாயம் என்றால் சளி பிடித்தபோது பாட்டி காய்ச்சித் தருவதுதான் நினைவிற்கு வரும். அதில் தவறொன்றுமில்லை. வடமொழியில் இச்சொல்லுக்குத் துவர்ப்புச் சுவை என்பது ஒரு பொருள். பட்டை முதலியவற்றைக் காய்ச்சிய நீர் என்பது மற்றொன்று. ஆலம்பட்டை முதலியவற்றின் துவர் ஒட்டுதலுக்குக் காரணமாவது போல, வெகுளி முதலியவை உயிரில் வினை ஒட்டுவதற்குக் காரணமாதலின் அப்பெயர் பெற்றன என்று ஸர்வார்த்தசித்தியில் பூஜ்யபாதர் விளக்குகிறார். துணிக்குச் சாயமிடுவோர் துவர்ப்புப் பொருளில் முன்னரே தோய்ப்பது ஏன் என்று அறிந்தவர்களுக்கு இவ்வுவமையின் நுட்பம் எளிதிற் புலப்படும்.

இனி வியப்பான ஒரு செய்தி. தவம் என்பதற்கு ஆங்கில நூல்களில் காணப்படும் சொல் 'ஆஸ்டெரிடி'. இதன் கிரேக்க மூலத்திற்கும் நாவை உலர்த்திச் சுரசுரப்பாக்கும் சுவை, அஃதாவது துவர்ப்பு, என்பதே பொருள். துவர்ப்பு கடுமையைக் குறித்து, கடுமை எளிய வாழ்வைக் குறித்து, அது தவத்தைக் குறித்தது. ஒரே சுவையிலிருந்து வடமொழியில் வினையை ஒட்டச் செய்வதற்கும், ஆங்கிலத்தில் வினையை உதிர்ப்பதற்கும் பெயர் பிறந்திருக்கிறது! வேர் அறிவது நன்று. ஆனால் வேர் மட்டுமே பொருளாகிவிடாது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டா. இந்நாளில் செய்தித்தாள் படிப்போருக்கு 'ஆஸ்டெரிடி' என்றால் அரசின் சிக்கன நடவடிக்கை. கிரேக்க நாட்டுக் கடன் நெருக்கடி பேசப்பட்ட 2010-ஆம் ஆண்டில், மெரியம்–வெப்ஸ்டர் அகராதி நிறுவனத்தார் இதனையே ஆண்டின் சொல்லாக அறிவித்தனர். புறத்தவம் ஆறு, அகத்தவம் ஆறு என்பதை ஆங்கிலத்தில் படிக்கும் பொருளியல் மாணவன், ஆறு வகைச் செலவுக் குறைப்பு என்று கொண்டால் அவனைக் குறை கூற இயலாது. அகத்தவங்களுள் ஸ்வாத்யாயமும் ஒன்று என்பதையும் அவன் தெரிந்துகொள்ளட்டும். நூலைப் பொருளறிந்து படித்தலே தவமென்று கூறும் சமயம் அவனுடையது.

'அஸெடிக்' என்பது துறவியைக் குறிக்கும். இதன் கிரேக்க மூலத்திற்குப் பயிற்சி என்பது பொருள். முதலில் விளையாட்டு வீரரின் உடற்பயிற்சியைக் குறித்தது. 'சிரமணர்' என்னும் நம் சொல் உழைத்தல், முயலுதல் எனப் பொருள்படும் 'ச்ரம்' என்னும் வேரினது. வெவ்வேறு மொழியினர் துறவைச் சோம்பலாகக் காணாமல் முயற்சியாகக் கண்டது நமக்கு மகிழ்ச்சி தருகிறது.

இப்போது சற்றே எளிய சொல்லுக்கு வருவோம். சென்னைக்கும் மதுரைக்கும் ஓடும் ஆம்னி பஸ்களை அறியாத பிள்ளை இல்லை. 'ஆம்னிபஸ்' என்பது ஒரே இலத்தீன் சொல். 'எல்லார்க்கும்' என்பது அதன் பொருள். 1820-களில் பிரான்சில் எல்லாரும் ஏறிச் செல்லத்தக்க குதிரை வண்டிக்கு அப்பெயர் வழங்கலாயிற்று. பின்னர் ஆங்கிலேயர் தலையை வெட்டிவிட்டு வாலை மட்டும் வைத்துக்கொண்டனர். அந்த வால் வேற்றுமை உருபின் பகுதி. ஆகவே, நாம் 'பஸ்ஸில் ஏறினேன்' என்னும்போது ஏறத்தாழ 'க்கும்-இல் ஏறினேன்' என்கிறோம். வகுப்பில் இதைக் கூறினால் பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரித்த பின் மறக்க மாட்டார்கள்.

'ஆம்னி' எல்லாம் எனில், 'ஆம்னிஷியன்ட்' எல்லாம் அறியும். 'ஆம்னிபொடென்ட்' எல்லாம் வல்ல. 'ஆம்னிபிரசென்ட்' எங்கும் நிறைந்த. பட்டியலில் இம்மூன்றும் அடுத்தடுத்து வருவதாலும், மூன்றும் கடவுளுக்குரியன என்று பொதுவாகக் கூறப்படுவதாலும், பிள்ளைகள் மூன்றையும் சேர்த்தே அருகப் பெருமானுக்கும் சூட்டிவிடுகின்றனர். இங்கே நிதானம் வேண்டும். அருகன் முற்றுணர்ந்தவன், ஆகவே முதற்சொல் அவனுக்குத் தகும். அவன் உலகைப் படைத்து, காத்து, அழிப்பவனல்லன். வேண்டியவர்க்கு வேண்டியதை வழங்குபவனுமல்லன். ஆதலின் இரண்டாவது சொல் பொருந்தாது. அனந்த வீரியம் என்று கூறுகிறோமே எனின், அது அவ்வுயிரின் தன்னியல்பான வரம்பற்ற ஆற்றல்; பிறவற்றை ஆளும் அதிகாரமன்று. அதனை 'இன்ஃபினிட் எனர்ஜி' என்றே ஆங்கில நூலோர் எழுதுகின்றனர். படைப்புக் கடவுளை ஏற்காமையால் நம்மைப் பாடநூல்கள் சில 'ஏதீயிஸ்ட்' என்று எழுதும்; மாணவர்கள் அதனை 'நாத்திகர்' என்று மொழிபெயர்த்துக்கொள்வர். வினையையும் மறுபிறப்பையும் வீட்டையும் ஏற்பவரை நாத்திகர் என்று நம் நூல்கள் கூறுவதில்லை. அகராதியில் இரண்டும் எதிரெதிரே அச்சாகியிருந்தாலும் இரண்டும் ஒன்றல்ல.

ஏழு தத்துவங்களை ஆங்கிலத்தில் கற்பிக்கும்போது ஓடத்தின் உவமை பெரிதும் உதவும். ஓட்டை வழியே நீர் உட்புகுவது ஆஸ்ரவம், ஆங்கிலத்தில் 'இன்ஃப்ளக்ஸ்'. 'ஃப்ளூ' என்னும் ஒழுகற்பொருள் வேரைக் கொண்டு 'ஃப்ளூயன்ட்' என்பது தங்குதடையற்ற பேச்சைக் குறிப்பதும், 'இன்ஃப்ளூயன்ஸ்' என்பது ஒருவர் செல்வாக்கு மற்றவருள் பாய்வதைக் குறிப்பதும் விளங்கும். புகுந்த நீர் தங்குவது பந்தம். ஓட்டையை அடைப்பது ஸம்வரம், 'ஸ்டாப்பேஜ்' என்பர். தேங்கியதை இறைத்துக் கொட்டுவது நிர்ஜரை, 'ஷெடிங்' என்பர். இலையுதிர்தலுக்கும் ஆங்கிலத்தில் இச்சொல் வரும்.

பந்தத்திற்கு 'பான்டேஜ்' என்று எழுதுகின்றனர். இதைப் பார்த்தவுடன் மாணவர்கள் கட்டு என்னும் பொருளுடைய 'பாண்ட்' என்னும் சொல்லே இதற்கு வேர் என்று துணிவர். அது பழைய நார்ஸ் மொழியில் குடியானவனைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது. ஆண்டைக்கு அடிமைப்பட்ட நிலையைக் குறித்தது. 'பாண்ட்' என்பதன் சாயல் பிற்பாடு அதன்மேல் படிந்தது. நமக்கு இரண்டு பொருளும் பயன்படுமாதலின் இழப்பில்லை. ஆனால் வேரை ஊகிக்கக் கூடாது, அகராதியில் பார்த்தே தெளிய வேண்டும் என்பதற்காக இதனைக் குறித்தோம்.

'ஸ்யாத்வாதம்' என்பதில் உள்ள 'ஸ்யாத்' என்னும் சொல்லைச் சிலர் 'பெர்ஹாப்ஸ்' என்றும் 'மே பி' என்றும் மொழிபெயர்த்தனர். இவை ஐயத்தைக் காட்டும் சொற்கள். 'ஒருவேளை இருக்கலாம், ஒருவேளை இல்லாமலிருக்கலாம்' என்று தயங்குபவர்களாக நம்மை இவை காட்டிவிடுகின்றன. ஸ்யாத் என்பது ஐயமன்று. 'இன்ன நோக்கில்' என்னும் வரையறை. பொன்வளையல், பொன் என்னும் நோக்கில் நிலையானது. வளையல் என்னும் நோக்கில் அழியக்கூடியது. இரண்டு கூற்றும் உறுதியானவையே. 'ஃப்ரம் ஒன் பாயின்ட் ஆஃப் வியூ' என்று நீட்டி எழுதினாலும் குற்றமில்லை. சுருக்கம் கருதிப் பிழைபட எழுதுதல் ஆகாது.

இனிக் கற்கும் முறை. ஆசிரியப் பயிற்சியில் நாம் கற்ற இருவரைக் குறிப்பிட வேண்டும். மைக்கேல் வெஸ்ட் என்பவர் வங்காளத்தில் பணியாற்றிய ஆங்கிலேயக் கல்வியாளர். 1935-ல் எண்டிகாட் என்பவருடன் சேர்ந்து அவர் வெளியிட்ட அகராதி, 1,490 எளிய சொற்களை மட்டுமே கொண்டு ஏனைய சொற்களுக்கெல்லாம் பொருள் எழுதியது. அருஞ்சொல்லைக் கற்ற பிள்ளை அதை எளிய ஆங்கிலத்தில் விளக்கத் தெரிந்திருக்க வேண்டும். விளக்கத் தெரியாத சொல் அவனுடையதன்று. மற்றவர் ஏ. எஸ். ஹார்ன்பி. இவர் ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்தபோது தொகுத்த அகராதி 1942-ல் அங்கே வெளிவந்தது. 1948-ல் ஆக்ஸ்ஃபோர்டு பதிப்பாயிற்று. சொற்பொருளோடு, அச்சொல் வாக்கியத்தில் எவ்வாறு நிற்கும் என்பதையும் அது காட்டும். நடுத்தர மாணவருக்கு இவ்வகை அகராதியே முதல் துணை. சென்னைப் பல்கலைக்கழகம் 1960-களில் வெளியிட்ட ஆங்கிலம்–தமிழ்ச் சொற்களஞ்சியத்தை இரண்டாவதாகப் புரட்டலாம். ஒரு சொல்லுக்கு எத்தனை தமிழ்ச் சொற்கள் தேவைப்படுகின்றன என்பதை அதில் காண்பதே ஒரு பாடம்.

நாளொன்றுக்கு ஐம்பது வேண்டா, மூன்று போதும். குறிப்பேட்டில் ஒரு சொல்லுக்கு அரைப்பக்கம் ஒதுக்குக. அச்சொல்லைக் கண்ட வாக்கியத்தை முழுதாக எழுதுக. அதன் கீழ் எளிய ஆங்கிலத்தில் பொருள். அதன் கீழ் உறவுச் சொற்கள். பின்னர் அதனோடு மயங்கத்தக்க ஒரு சொல்லும் வேறுபாடும். தமிழ்ப்பொருளை இறுதியில் எழுதுக, அதுவும் பென்சிலால். வேறோர் இடத்தில் அச்சொல் வேறு பொருளில் வரும்போது திருத்த வேண்டியிருக்கும். நன்னூலார் பவணந்தி முனிவர், கேட்டதை மீளச் சிந்தித்தலையும், உடன்கற்போரோடு பயிலுதலையும், வினாவுதலையும், வினாவிற்கு விடையளித்தலையும் கற்கும் முறையாக வகுத்தார். இரண்டாம் முறை கேட்டால் பிழை குறையும் என்றும் கூறினார். ஆகையால் வீட்டில் இரண்டு பிள்ளைகள் இருப்பின் ஒருவர் மற்றவரைக் கேட்கட்டும். ஒரு பிள்ளைதான் எனில் தாய்மார்கள் கேட்கலாம். தாய்க்கு ஆங்கிலம் தெரிய வேண்டுமென்பதில்லை. 'அதை எனக்குத் தமிழில் விளங்கச் சொல்' என்று கேட்டால் போதும். பிள்ளைக்குத் தெரியாதது உடனே வெளிப்பட்டுவிடும்.

இவ்வளவு நுணுக்கம் தேவையா எனின், நம் சமூகமே ஓர் ஆங்கிலச் சொல்லால் கலங்கிய நிகழ்ச்சி அண்மைக் காலத்தில் நடந்ததை நினைவூட்டுகிறோம். 2015 ஆகஸ்டு 10 அன்று ராஜஸ்தான் உயர்நீதிமன்றம், சந்தாரா எனப்படும் சல்லேகனையைத் தற்கொலையாகக் கருதி, அன்று நடைமுறையிலிருந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 306, 309-ஆம் பிரிவுகளின்கீழ் நடவடிக்கை எடுக்க உத்தரவிட்டது. ஆகஸ்டு 24 அன்று நாட்டின் பல நகரங்களில் ஜைனர்கள் அமைதி ஊர்வலம் சென்றனர். ஆகஸ்டு 31 அன்று உச்சநீதிமன்றம் அவ்வுத்தரவிற்குத் தடை விதித்தது. அந்நாட்களில் நம் இளைஞர்களிடம் உடன் பணியாற்றுவோர் கேட்ட கேள்வி ஒன்றே: அது 'சூயிசைட்' இல்லையா? இல்லை என்று பலர் விடையளித்தனர். ஏன் இல்லை என்று ஆங்கிலத்தில் கூறுதற்குச் சொல்லின்றி நின்றவர்களும் பலர்.

சொல்லைப் பிரித்தே விடை கூறலாம். 'சூயி' என்பது 'தன்னை'. 'சைட்' என்பது 'கொல்லுதல்'. நம் வேளாண் குடும்பங்கள் 'பெஸ்டிசைட்' என்னும் பூச்சிக்கொல்லியை நன்கறியும். 'ஹோமிசைட்' மனிதக் கொலை. இவ்வரிசையில் எல்லாம் கொலைதான் நடு. சல்லேகனை என்னும் சொல்லில் கொலை இல்லை. 'லேகனா' என்பது சுரண்டி மெலிவித்தல். செம்மையாக மெலிவித்தல் என்பது முழுச்சொல்லின் பொருள். மெலிவிக்கப்படுவது உடல் மட்டுமன்று, கஷாயங்களும் கூட. தவிர்க்கவியலாத பேரிடர், பஞ்சம், முதுமை, தீராப் பிணி ஆகியவை நேர்ந்தபோதே அது மேற்கொள்ளத்தக்கது என்று இரத்தினகரண்டகத்தில் சமந்தபத்திரர் வரையறுத்தார். அந்நூலின் வழிவந்த நம் அருங்கலச்செப்பும் சல்லேகனையைக் கூறும். விருப்பு, வெறுப்பு, மயக்கம் இவற்றால் தூண்டப்பட்டு நஞ்சு, படைக்கலம் முதலியவற்றால் தன்னை மாய்த்துக்கொள்பவனே தற்கொலை செய்தவன் என்று பூஜ்யபாதர் பிரித்துரைத்தார். எல்லாவற்றிற்கும் மேலாக, சல்லேகனையின் ஐந்து குற்றங்களுள் ஒன்று, விரைவில் இறக்க வேண்டும் என்று விரும்புதல். இறப்பை விரும்புதலே குற்றமாகும் நோன்பிற்கு, இறப்பை விரும்பிச் செய்யும் செயலின் பெயரைச் சூட்டுவது எவ்வாறு பொருந்தும்? நீதிமன்றத்திலோ அலுவலகத்திலோ இதனை ஆங்கிலத்தில் நான்கே வாக்கியங்களில் நம் பிள்ளைகள் கூற வல்லராக வேண்டும்.

செய்தித்தாள்கள் எழுதும் 'ஃபாஸ்ட் அன்ட்டு டெத்' என்னும் தொடரும் உதவாது. கோரிக்கை நிறைவேறும் வரையில் பந்தலில் அமர்ந்து நடத்தும் அரசியல் உண்ணாவிரதத்திற்கு அது பழகிப்போன பெயர். அங்கே எதிரில் ஒருவர் பணிய வேண்டும் என்னும் எதிர்பார்ப்பு உண்டு. செஞ்சியை அடுத்த திருநாதர்குன்றில், 57 நாள் உண்ணா நோன்பிருந்து நிறைவெய்திய சந்திரநந்தி ஆசிரியரின் நிசீதிகைக் கல்வெட்டு இருக்கிறது. ஏறத்தாழ 1,500 ஆண்டுகளுக்கு முற்பட்டது. பிராமி எழுத்து வட்டெழுத்தாக மாறும் நிலையைக் காட்டுவதால் எழுத்தாராய்ச்சியாளர்களும் அதனைப் போற்றுவர். பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை அங்கு அழைத்துச் சென்று, அந்த நோன்பு யாரிடம் என்ன கோரியது என்று அவர்களையே கேளுங்கள்.

எனவே சில சொற்களை மொழிபெயர்க்காமலே விடுவது தக்கது. 'கர்மா', 'அஹிம்சா', 'நிர்வாணா' ஆகியன ஆங்கில அகராதிகளில் தமக்கென இடம் பெற்றுவிட்டன. 'சல்லேகனா' என்றே முதலில் எழுதி, அடுத்த வாக்கியத்தில் விளக்குக. கேட்பவர் ஒரு புதுச்சொல்லைக் கற்றுக்கொள்வார். பழஞ்சொல்லின் தவறான பொருளைச் சுமக்க மாட்டார்.

பயிற்சிக்காகச் சில இணைகளைத் தருகிறோம். ஒவ்வோர் இணையிலும் உள்ள வேறுபாட்டை அகராதி பார்த்து எளிய ஆங்கிலத்தில் எழுதிய பின், இரு சொற்களுக்கும் தனித்தனியே ஒரு தமிழ் வாக்கியம் அமைக்கவும். 'ஃபாஸ்டிங்' – 'ஸ்டார்வேஷன்'. 'சாலிடியூட்' – 'லோன்லினெஸ்'. 'வவ்' – 'பிராமிஸ்'. 'ரிபென்டன்ஸ்' – 'ரிக்ரெட்'. 'ஈக்வனிமிடி' – 'இன்டிஃபரன்ஸ்'. கடைசி இணைக்கு ஒரு குறிப்பு: முதற்சொல் 'சமம்', 'மனம்' என்னும் இரு இலத்தீன் சொற்களின் சேர்க்கை; சாமாயிகத்தில் அமரும்போது நாம் நாடுவது அது. இரண்டாவது சொல், தேர்வு முடிவு எதுவாயினும் எனக்கென்ன என்று இருக்கும் மாணவனுக்குரியது.